இங்கிலாந்துல இலவச ஃப்ளூ ஊசி: பார்மசி, ஜிபி, ஸ்கூல் மூணுத்தையும் பத்தி என் ரிவ்யூ

இது என்ஹெச்எஸ் (இங்க அரசாங்கம் நடத்துற சுகாதார சேவை) வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன்னாடி ஃப்ரீயா போடுற ஃப்ளூ ஊசிய பத்தின ரிவ்யூ. லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கோம், இந்த 2025-26 சீசன்ல எங்க வீட்லயும் பக்கத்து வீட்லயும் ஃப்ரெண்ட்ஸ் வீட்லயும் சேர்த்து பார்மசி, ஜிபி சர்ஜரி (நம்ம ஏரியா குடும்ப டாக்டர் க்ளினிக்), ஸ்கூல்னு மூணு வழிலயும் ஊசி போட்டாச்சு. என் அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிடுறேன். ஊசி போடுற வேலைய இவங்க ரொம்ப அருமையா பண்றாங்க, ஆனா யாருக்கு ஃப்ரீ யாருக்கு இல்லைங்கிறத சம்பந்தப்பட்டவங்க காதுக்கு கொண்டு போய் சேர்க்குறதுல பெரிய ஓட்டை இருக்கு, அந்த ஓட்டைல விழுறவங்கள்ல நம்ம ஆளுங்க நிறைய. லெட்டர் வரும் மெசேஜ் வரும்னு வெயிட் பண்ணாதீங்க, நீங்களே பக்கத்து பார்மசிக்குள்ள போய் கேளுங்க, இத சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல வயசு. 65 ஆனவங்க எல்லாருக்கும் ஃப்ரீ, நோய் இருக்கணும்னு அவசியமே இல்ல. 2000ல இருந்தே இப்படித்தான், அதுக்கு முன்னாடி 75 வயசுக்கு மேலதான் குடுத்துட்டு இருந்தாங்க. இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் என்னன்னா, ஊசி போடுற அன்னைக்கு 65 முடிஞ்சிருக்கணும்னு இல்ல, 2026 மார்ச் 31க்குள்ள 65 ஆனா போதும். எங்க பக்கத்து வீட்ல யாழ்ப்பாணத்து அன்ரியும் அங்கிளும் இருக்காங்க. அங்கிளுக்கு பிப்ரவரிலதான் 65 ஆகுது, அதனால அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டாரு. நான் சொன்னப்ப நம்பவே இல்ல, "அப்பிடியே பிள்ளை, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே"ன்னாரு. அக்டோபர்லயே போயி போட்டுட்டு வந்தாரு, ஒரு கேள்வியும் இல்ல, பிறந்த தேதிய பாத்தாங்க, உக்காரச் சொன்னாங்க, முடிஞ்சுது.

அடுத்ததுதான் முக்கியம், சுகர். டைப் 1 ஆகட்டும் டைப் 2 ஆகட்டும், இன்சுலின் போட்டாலும் சரி, மெட்ஃபார்மின் மாத்திரையோட இருந்தாலும் சரி, மாத்திரையே இல்லாம சாப்பாட்டுலயே கன்ட்ரோல் பண்ணிட்டு இருந்தாலும் சரி, 18 வயசோ 40 வயசோ எதுவா இருந்தாலும், ஃப்ளூ ஊசி உங்களுக்கு ஃப்ரீ. நம்ம ஊர்க்காரங்களுக்கு இங்க இருக்குற வெள்ளைக்காரங்கள விட டைப் 2 சுகர் வர்ற சான்ஸ் பல மடங்கு ஜாஸ்தி, அதுவும் சின்ன வயசுலயே வருது. 38 வயசுல 42 வயசுல சுகர் வந்து மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஐடி வேலைக்கு போயிட்டு இருக்கவங்க எத்தனை பேர் நமக்கு தெரிஞ்சவங்கள்லயே இருக்காங்க, அவங்கள்ல பாதி பேர் ஃப்ளூ ஊசின்னா வயசானவங்களுக்குன்னு நெனச்சுட்டு இருக்காங்க. சுகர் இருக்கவங்களுக்கு ஃப்ளூ வந்தா அது சாதாரண காய்ச்சலோட நிக்காது, சுகர் கன்னாபின்னான்னு ஏறும், நிமோனியா வர்ற ரிஸ்க் ஜாஸ்தி, ஹாஸ்பிடல் போய் படுக்குற நிலைமை வரலாம். அதனாலதான் அவங்கள லிஸ்ட்ல வச்சிருக்காங்க.

என் வீட்டுக்காரருக்கு டைப் 2 சுகர், மெட்ஃபார்மின் சாப்பிடுறாரு. இந்த வருஷம் எங்க சர்ஜரில இருந்து அவருக்கு ஒரு மெசேஜும் வரல. சுகர் ரிவ்யூக்கு வருஷா வருஷம் கூப்பிடுறாங்க, கண்ணு ஸ்கேனுக்கு லெட்டர் வருது, கால் செக்கப்புக்கு கூப்பிடுறாங்க, ஆனா ஊசிக்கு மட்டும் சத்தமே இல்ல. ஃபோன் பண்ணா க்யூல நிக்க வச்சாங்க, கடைசில எடுத்த அம்மா சனிக்கிழமை க்ளினிக் ஃபுல், அடுத்தது எப்போன்னு இன்னும் முடிவாகலன்னு சொன்னாங்க, ரொம்ப நல்லவிதமாத்தான் பேசுனாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா நமக்கு வேலை ஆகல. பார்மசிலயும் இதே ஊசி ஃப்ரீயா கிடைக்கும்னு அந்த ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லிருந்தா போதும், அது சொல்லப்படல. இப்படி ஃபோன் பண்ணி "ஃபுல்"னு கேட்டதோட விட்டுட்டு போறவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு கவலையாத்தான் இருக்கு.

அப்புறம் நேரா பார்மசிக்கு போனோம். பெரிய செயின் இல்ல, எங்க தெரு முனைல இருக்குற சின்ன கடை, மாத்திரை வாங்க எப்பவும் போற இடம். ஜன்னல்ல ஃப்ரீ ஃப்ளூ ஜாப்னு போஸ்டர் ஒட்டிருந்தாங்க. அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ள போயி கேட்டோம், முன்னாடி ரெண்டு மூணு பேர் இருக்காங்க வெயிட் பண்ண முடியுமான்னாங்க. ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, பேரு, பிறந்த தேதி, அட்ரஸ், எந்த சர்ஜரி, முன்னாடி எந்த ஊசிக்காவது மோசமா அலர்ஜி ஆகிருக்கா, இப்ப காய்ச்சல் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா, இவ்ளோதான். என்ஹெச்எஸ் நம்பர் ஞாபகம் இல்லன்னாலும் அவங்களே தேடி எடுத்துக்குறாங்க. ஏன் ஃப்ரீன்னு கேட்டாங்க, சுகர்னு சொன்னோம், அவங்க கிட்டதான் மாத்திரை வாங்குறதால உடனே புரிஞ்சுது. வேற கடைல போட்டா என்ஹெச்எஸ் ஆப்ல இருக்குற ரிப்பீட் ப்ரிஸ்கிரிப்ஷன காட்டினா போதும். ஆனா மெட்ஃபார்மின் பிசிஓஎஸ்க்கும் (பொண்ணுங்களுக்கு வர்ற சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை) குடுப்பாங்க, அதனால மாத்திரை மட்டும் காட்டினா பத்தாது, சுகர் இருக்குன்னு வாயால சொல்லணும்.

உள்ள கன்சல்டேஷன் ரூம்னு சின்னதா ஒண்ணு, கதவ சாத்திக்கிட்டாங்க, பார்மசிஸ்டே ஊசி போட்டாங்க. போடுறதுக்கு முன்னாடி எந்த ஊசி, எதுக்கு, கை வலிக்கலாம், லேசா காய்ச்சல் வரலாம், ஒரு நாள் ரெண்டு நாள்ல சரியாகிடும், பாராசிட்டமால் போட்டுக்கலாம்னு பொறுமையா சொன்னாங்க. அவருக்கு ஊசின்னாலே பயம், அத கவனிச்சு சனிக்கிழமை மேட்ச் பத்தி ஏதோ பேசிக்கிட்டே போட்டுட்டாங்க, முடிஞ்சுதான்னு இவரே கேக்குறாரு. போட்ட விவரம் அவங்களே ஜிபிக்கு அனுப்பிடுறாங்க, நம்ம போயி சொல்ல வேண்டியதில்ல, கொஞ்ச நாள்ல ஆப்லயும் வந்துடுது. மயக்கம் வர்ற பழக்கம் இருந்தா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு போங்கன்னு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. இந்த பார்மசிக்கு நான் 5க்கு 5 குடுப்பேன், யோசிக்காம.

இங்கிலாந்துல பார்மசில என்ஹெச்எஸ் ஃப்ளூ ஊசி 2015ல இருந்து இருக்கு. சின்ன கடைங்க மட்டும் இல்ல, பூட்ஸ், சூப்பர்ட்ரக் மாதிரி பெரிய கடைங்கள்லயும், சில பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குள்ள இருக்குற பார்மசிலயும் போடுறாங்க. என்ஹெச்எஸ் வெப்சைட்லயோ ஆப்லயோ போஸ்ட்கோட் போட்டா பக்கத்துல எங்கெல்லாம் போடுறாங்கன்னு காட்டும், புக் பண்ணலாம், இன்டர்நெட் வராதவங்க 119க்கு ஃபோன் பண்ணலாம். என் அனுபவத்துல வார நாள்ல மத்தியானம் போனா கூட்டம் கம்மி, சனிக்கிழமை காலைல போனா கடை நிறைய ஆளு. போறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டு ஸ்டாக் இருக்கான்னு கேட்டுக்குங்க, ஏன்னா 65க்கு மேல ஒரு வகை ஊசி, அதுக்கு கீழ வேற வகை, ஒண்ணு இருந்து இன்னொண்ணு தீந்து போயிருக்கலாம். வயசானவங்க உடம்பு சாதாரண ஊசிக்கு அவ்ளோ நல்லா எதிர்ப்பு சக்தி உண்டாக்காது, அதனால அவங்களுக்கு அதத் தூண்டி விடுற மருந்து சேர்த்த ஊசியோ டோஸ் ஜாஸ்தியான ஊசியோ போடுறாங்க. அன்ரிக்கு அங்கிளுக்கு போட்டது ஒண்ணு, என் வீட்டுக்காரருக்கு போட்டது வேறன்னு அதனாலதான்.

ஆஸ்துமா இருக்கவங்களுக்கு ஒரு விஷயம். எல்லா ஆஸ்துமாவும் லிஸ்ட்ல இல்ல. நீல நிற இன்ஹேலர், மூச்சு வாங்கும்போது மட்டும் இழுக்குறது, அது மட்டும் வச்சிருந்தா ஃப்ரீ கிடையாது. தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்குறவங்க, அந்த பழுப்பு கலர்ல வர்றது, இல்ல ரெண்டு மருந்தும் சேர்ந்த காம்பினேஷன் இன்ஹேலர், இவங்களுக்கு ஃப்ரீ. ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி தேவைப்படுறவங்களுக்கும், ஆஸ்துமாவுக்காக எப்பவாவது ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆகிருந்தவங்களுக்கும் ஃப்ரீ. இப்ப நிறைய பேருக்கு நீலத்த நிறுத்திட்டு காம்பினேஷனுக்கு மாத்திட்டு இருக்காங்க, அதுல ஸ்டீராய்டு இருக்குன்னே பல பேருக்கு தெரியாது, போன வருஷம் இல்லன்னு சொன்னாங்கன்னு இந்த வருஷமும் போகாம இருக்காங்க. இன்ஹேலர கைல எடுத்துட்டு போயி பார்மசிஸ்ட் கிட்ட காட்டுங்க, பாத்த உடனே சொல்லிடுவாங்க.

இதுக்கு மேல இதய நோய், கிட்னி நோய் ஸ்டேஜ் 3லயோ அதுக்கு மேலயோ இருக்கவங்க, நாள்பட்ட லிவர் நோய், ஸ்ட்ரோக் வந்தவங்க, பார்கின்சன்ஸ் மாதிரி நரம்பு சம்பந்தமான நோய், சிஓபிடிங்கிற நாள்பட்ட நுரையீரல் நோய், கீமோ எடுக்குறவங்க, எதிர்ப்பு சக்தி குறைக்குற மாத்திரை சாப்பிடுறவங்க, மண்ணீரல் எடுத்தவங்க, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்குற கணக்கு) 40ம் அதுக்கு மேலயும் உள்ளவங்க, கற்றல் குறைபாடு உள்ளவங்க எல்லாரும் உண்டு.

லிஸ்ட்ல இல்லாதது எதெல்லாம்னு சொல்லிடுறேன், ஏன்னா போயி நின்னு இல்லன்னு கேக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும். பிபி மட்டும் இருந்தா கிடையாது, பிபியால இதயத்துக்கு பாதிப்பு வந்திருந்தாத்தான் உண்டு. தைராய்டு மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, இதெல்லாம் கிடையாது. பார்டர்ல இருக்கு ப்ரீ-டயாபடிஸ்னு சொன்னவங்களுக்கும் கிடையாது. அப்புறம் 50ல இருந்து 64 வயசு வரைக்கும். கோவிட் சமயத்துல இவங்களுக்கும் வயச மட்டும் பாத்து ஃப்ரீயா போட்டாங்க, 2020ல ஆரம்பிச்சு மூணு சீசன் ஓடுச்சு, 2023-24ல நிறுத்திட்டாங்க. அத ஞாபகம் வச்சுக்கிட்டு இப்பவும் வர்றவங்க இருக்காங்க. நாங்க வெயிட் பண்ணும்போதே ஒருத்தர் வந்து, 57 வயசு, போன தடவை போட்டீங்களேன்னு கேட்டாரு, பார்மசிஸ்ட் அவர உக்கார வச்சு வேற ஏதாவது நோய் இருக்கா, வீட்ல யாரையாவது பாத்துக்குறீங்களான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க, கடைசில அவரோட அம்மாவ முழு நேரமும் அவர்தான் பாத்துக்குறாருன்னு தெரிஞ்சுது, அந்த காரணத்துலயே ஃப்ரீயா போட்டாங்க. இல்லன்னு ஒரு வார்த்தைல அனுப்பிருக்கலாம், அனுப்பல. நல்ல சர்வீஸ்னா எனக்கு இதுதான்.

ஆமா, கேரர்ஸ். கேரர்ஸ் அலவன்ஸ் (அடுத்தவங்கள பாத்துக்குறவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற உதவித் தொகை) வாங்குறவங்க, அது வாங்கலன்னாலும் வயசானவங்களையோ உடம்பு முடியாதவங்களையோ முக்கியமா பாத்துக்குறவங்க நீங்கதான்னா, உங்களுக்கு வயசு எதுவா இருந்தாலும் ஃப்ரீ. நம்ம வீடுங்கள்ல மாமியாரையோ அப்பாவையோ பாத்துக்குறது கடமைன்னு நெனச்சு செய்யுறோம், அதுக்கு ஒரு பேரு இருக்கு, அந்த பேருக்கு ஒரு உரிமை இருக்குன்னு யோசிக்கிறதே இல்ல. ஃபார்ம்ல கேரரான்னு கேட்டா ஆமான்னு போடுங்க. அதே மாதிரி வீட்ல யாருக்காவது கீமோ போயிட்டு இருக்கு, ட்ரான்ஸ்ப்ளான்ட் ஆகிருக்குன்னா, அவங்க கூட ஒரே வீட்ல இருக்குற உங்களுக்கும் ஃப்ரீ, நீங்க கொண்டு வந்து குடுத்துடக் கூடாதுன்னு. கேர் ஹோம்லயும், வீடு வீடா போயி பாத்துக்குற வேலைலயும் இருக்குற நம்ம பசங்க பொண்ணுங்க இப்ப நிறைய பேர், கேர் விசால வந்தவங்க, உங்க கம்பெனி ஊசிக்கு ஏற்பாடு பண்ணலன்னா பார்மசில ஃப்ரீ, வேலை பேட்ஜ கைல வச்சுக்குங்க.

அன்ரி கதைக்கு வர்றேன். அங்கிள் போட்டுட்டாரு, அன்ரி மாட்டேன்னுட்டாங்க. "அந்த ஊசி போட்டா காய்ச்சல் வருமாம் பிள்ளை, என்ர தங்கச்சி ஒரு கிழமை படுத்துக் கிடந்தவா" அப்படின்னு. நான் என்ன சொன்னாலும் எடுபடல. பார்மசிஸ்ட் கிட்ட கூட்டிட்டு போயி நீங்களே சொல்லுங்கன்னு விட்டேன். அவங்க ஒரு குஜராத்தி பொண்ணு, தமிழ் தெரியாது, அன்ரிக்கு இங்கிலீஷ் புரியும், மெதுவா சொன்னாங்க: கைல போடுற ஊசில உயிரோட இருக்குற வைரஸ் இல்ல, அதனால அதுல இருந்து ஃப்ளூ வர வழியே இல்ல, கை வலியும் லேசான காய்ச்சலும் உடம்பு வேலை செய்யுறதோட அடையாளம், ஊசி முழுசா வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள வெளிய இருந்து தொத்திக்கிட்டா ஊசி போட்டதால வந்துச்சுன்னு தோணும், தங்கச்சிக்கு அப்படி ஆகிருக்கலாம். அன்ரி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி போடுங்கோன்னு கைய நீட்டுனாங்க. அன்னைக்கு ராத்திரி கை வலின்னாங்க, அடுத்த நாள் கோயிலுக்கு போயிட்டு வந்தாங்க.

ஊசி போட்டா ஃப்ளூவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொன்னா பொய். இந்த சீசன்ல ஹெச்3என்2ங்கிற ஃப்ளூ வைரஸ் வகைல ஒரு புது பிரிவு சீக்கிரமே பரவ ஆரம்பிச்சுது, ஊசிக்கு தேர்ந்தெடுத்த வகைல இருந்து அது கொஞ்சம் மாறிப் போச்சு. அப்படி இருந்தும், சீசன் ஆரம்பத்துல இங்கிலாந்து சுகாதாரப் பாதுகாப்பு ஏஜென்சி வெளியிட்ட கணக்குல, ஃப்ளூவால ஹாஸ்பிடலுக்கு போற நிலைமைய குழந்தைங்களுக்கு 70-75 சதவீதமும் பெரியவங்களுக்கு 30-40 சதவீதமும் ஊசி குறைக்குதுன்னு வந்துச்சு. பெரியவங்களுக்கு 30-40தானேன்னு கேக்கலாம். சுகரும் இதயப் பிரச்சனையும் உள்ள ஒருத்தருக்கு அந்த 30-40ம் ரொம்ப பெருசு, அதுவும் காசில்லாம, பத்து நிமிஷ வேலைல கிடைக்கும்போது.

பிரெக்னன்ட்டா இருக்கவங்களுக்கு எந்த மாசமா இருந்தாலும் ஃப்ரீ, 2010ல இருந்து லிஸ்ட்ல இருக்காங்க. என் ஃப்ரெண்டு அஞ்சாவது மாசம், சென்னைல இருக்குற அவ அம்மா ஃபோன்ல வேண்டவே வேண்டாம், வயித்துல புள்ள இருக்கும்போது எந்த ஊசியும் போடாதன்னு ஒரே அழுகை. அம்மா பயப்படுறது அன்புல, அத தப்பா சொல்ல மாட்டேன். ஆனா பிரெக்னன்சில ஃப்ளூ வந்தா நிமோனியா ஆகலாம், குறை மாசத்துல குழந்தை பொறக்கலாம், ஊசி போட்டா அந்த எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போயி பொறந்த முதல் சில மாசத்துக்கு காப்பாத்தும். ஆறு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு ஃப்ளூ ஊசியே கிடையாது, அம்மா வழியா கிடைக்குறதுதான் ஒரே பாதுகாப்பு. மிட்வைஃப் இத அவளுக்கு விளக்குனாங்க, அவ அம்மாவ வீடியோ கால்ல போட்டு கேக்க வச்சா, அப்புறம் ஆன்டிநேட்டல் க்ளினிக்லயே போட்டுக்கிட்டா. இங்கிலாந்துல பிரெக்னன்ட்டா இருக்கவங்கள்ல மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் இத போட்டுக்குறாங்க, எனக்கு இந்த சர்வீஸ்ல ரொம்ப வருத்தமான விஷயம் இதுதான். மிட்வைஃப் தானா ஞாபகப்படுத்தலன்னா நீங்க கேளுங்க, இல்லன்னா பார்மசிக்கு போங்க, பிரெக்னன்ட்டுன்னு சொன்னா போதும்.

அடுத்து பசங்க. ரிசப்ஷன் வகுப்புல (4-5 வயசு) இருந்து இயர் 11 (15-16 வயசு) வரைக்கும் ஸ்கூல்லயே போடுறாங்க, ஊசி இல்ல, மூக்குல ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு ஸ்ப்ரே, வலி கிடையாது. எங்க பொண்ணு இயர் 2, கன்சென்ட் ஃபார்ம் ஆன்லைன்ல வந்துச்சு, நெரப்பி அனுப்பினோம், ஒரு நாள் வந்து, "அம்மா, மூக்குல கிச்சுக்கிச்சு பண்ணாங்க"ன்னு சொன்னா, அவ்ளோதான். இதுல கவனிக்க வேண்டியது, ஃபார்ம் லிங்க் ஸ்கூல் அனுப்புற பத்து மெசேஜ்ல ஒண்ணா கலந்து வரும், கடைசி தேதி இருக்கும், அத விட்டா அன்னைக்கு போட மாட்டாங்க. விட்டுட்டா ஸ்கூல் நர்ஸ் டீமுக்கு ஃபோன் பண்ணா கேட்ச்-அப் க்ளினிக் எங்க நடக்குதுன்னு சொல்வாங்க. ஸ்கூலுக்கு 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு ஃபார்ம அவ்ளோ அமுக்கி அனுப்புறதுக்கு.

ஸ்ப்ரேல பன்றில இருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கு. முஸ்லிம் ஃப்ரெண்ட்ஸும் சுத்த சைவமா இருக்கவங்களும் இத கேட்டுட்டு வேண்டாம்னு ஃபார்ம்ல போட்டு விட்டுடுறாங்க, அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிறாங்க. முடியல. ஜெலட்டின் இல்லாத ஊசி குழந்தைக்கு கேட்டு வாங்கலாம், அதுவும் ஃப்ரீதான், ஃபார்ம்லயே அந்த காரணத்த குறிச்சா போதும், இல்லன்னா டீமுக்கு ஃபோன் பண்ணுங்க. முட்டை அலர்ஜி உள்ளவங்களுக்கும் முட்டைல வளர்க்காத வகை இருக்கு, போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

2025 ஆகஸ்ட் 31 அன்னைக்கு 2 இல்ல 3 வயசு ஆகிருந்த குழந்தைங்களுக்கு ஜிபில போடணும், ஆனா இந்த சீசன் அக்டோபர்ல இருந்து சில பார்மசிலயும் போட ஆரம்பிச்சிருக்காங்க. இது ரொம்ப நல்ல மாற்றம், வேலைக்கு போற அம்மா அப்பாவுக்கு ஜிபில பகல் பதினோரு மணி அப்பாயின்ட்மென்ட் கிடைச்சா லீவு போடணும், பார்மசின்னா நர்சரில இருந்து கூட்டிட்டு வர்ற வழில முடிச்சுடலாம். எல்லா பார்மசிலயும் இல்ல, கேட்டுட்டு போங்க.

எதுலயும் வராதவங்க, அதாவது 30 வயசு 45 வயசு ஆரோக்கியமானவங்க, காசு குடுத்து போட்டுக்கலாம், கடைக்கு கடை மாறும், பெரும்பாலும் 15ல இருந்து 25 பவுண்டுக்குள்ள. அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு தடவ கேளுங்க, நிறைய கம்பெனி வவுச்சர் குடுக்குறாங்க, ஹெச்ஆர் அனுப்புற ஈமெயில்ல எங்கயோ இருக்கும். நான் எந்த லிஸ்ட்லயும் இல்ல, ஆபீஸ் வவுச்சர்லதான் போட்டேன், வரவேற்பும் பேச்சும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, காசு குடுக்குறவங்க வேற ஃப்ரீ வேறன்னு ஒரு வித்தியாசமும் இல்ல.

கோவிட் ஊசியோட இத குழப்பிக்காதீங்க. இந்த சீசன் கோவிட் ஊசி 75ம் அதுக்கு மேலயும் வயசு ஆனவங்களுக்கும், வயசானவங்க ஹோம்ல இருக்கவங்களுக்கும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் மட்டும்தான். 68 வயசு அன்ரிக்கு கோவிட் இல்லன்னு சொன்னதும், அப்ப ஃப்ளூவும் இல்லையாக்கும்னு திரும்பிடப் பாத்தாங்க. ரெண்டும் வேற வேற லிஸ்ட். ரெண்டுக்கும் தகுதி இருந்தா ஒரே நாள்ல போட்டுக்கலாம்.

புதுசா இந்த நாட்டுக்கு வந்தவங்களுக்கு ஒண்ணு. ஜிபில பேரு பதிய விசா பேப்பரோ அட்ரஸ் ப்ரூஃபோ கட்டாயம் இல்ல, அது இல்லன்னு உங்கள திருப்பி அனுப்பக் கூடாதுன்னுதான் என்ஹெச்எஸ் விதி. ரிசப்ஷன்ல கேப்பாங்க, இருந்தா குடுங்க, இல்லன்னா இல்லன்னு தைரியமா சொல்லுங்க. அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுன்னா ஜிபில தமிழ் இன்டர்ப்ரிட்டர் கேக்கலாம், அதுக்கு காசு கிடையாது, அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிடணும். மருத்துவ விஷயத்துக்கு பிள்ளைங்கள மொழிபெயர்க்க வைக்காதீங்க, பாவம் அதுங்களுக்கும் கஷ்டம், நமக்கும் சில விஷயம் பிள்ளை முன்னாடி வாய் வராது.

நேரம்: பிரெக்னன்ட்டா இருக்கவங்களுக்கும் பசங்களுக்கும் செப்டம்பர் 1ல ஆரம்பிச்சுது, மத்த பெரியவங்களுக்கு அக்டோபர் 1. பெரியவங்களுக்கு லேட்டா ஆரம்பிக்குறது ஊசியோட சக்தி மாசம் போகப் போக குறையுறதால, ஃப்ளூ உச்சத்துல இருக்குற டிசம்பர் ஜனவரில அது நல்லா இருக்கணும்னு. அக்டோபர் நவம்பர்ல போடுறதுதான் பெஸ்ட், ஆனா இப்ப இத படிக்கும்போது லேட் ஆகிடுச்சுன்னு விட்டுடாதீங்க, மார்ச் கடைசி வரைக்கும் சர்வீஸ் இருக்கு. நான் சொன்ன எல்லாமே இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்துல பெரும்பாலும் அந்தந்த ஏரியா ஹெல்த் போர்டு நடத்துற க்ளினிக்லதான் போடணும், வேல்ஸ், வடக்கு அயர்லாந்துல இருக்கவங்க அவங்கவங்க சுகாதாரத் துறை வெப்சைட்ட பாத்துக்குங்க. எங்க சர்ஜரிக்கு 5க்கு 2, ஊசி போட்ட நர்சுக்காக இல்ல, கூப்பிடாம விட்டதுக்காக. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட் பக்கம் இருக்கவங்களுக்கு எந்த பார்மசில வாக்-இன் இருக்குன்னு தெரிஞ்சா கீழ எழுதுங்க, ரெண்டு மூணு வயசு குழந்தைங்களுக்கு போடுற கடையா இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க, என் ஃப்ரெண்டு ஒருத்தி இப்ப அதத்தான் தேடிட்டு இருக்கா.